நினைவு என்னும் தர்ப்பணம்

தந்தை மறைந்து ஓராண்டு கடந்த பின்னும் அவருடைய கைத்தடியை வாசல் மூலையிலிருந்து நகர்த்த மனம் வராத வீடுகள் உண்டு. மலையேறும்போது அவர் அணிந்த கனத்த காலணி, நிறம் மங்கிய தோள்பை, மழைக்காலத்துத் தொப்பி ஆகியவை நேற்றுத்தான் கழற்றி வைத்தவை போல அங்கேயே இருக்கும். துணைவியார் நாள்தோறும் அவற்றின்மேல் படியும் தூசியைத் துடைப்பார். எடுத்து உள்ளே வைக்க மட்டும் மாட்டார். பிள்ளைகளுள் ஒருவர், 'இன்னும் எத்தனை நாளைக்கு அம்மா?' என்று கேட்டால் பதில் வராது.

அத்தகைய இல்லத்தில் ஆன்மிக நூல்களைப் பயில்பவர் ஒருவர் இருந்துவிட்டால், துயரத்தோடு ஒரு குற்ற உணர்வும் சேர்ந்துகொள்கிறது. ஆத்மாவுக்குப் பிறப்பும் இல்லை, இறப்பும் இல்லை என்று கீதை வகுப்பில் ஆண்டுக்கணக்கில் கேட்டாயிற்று. உடல் நிலையற்றது என்பதில் ஐயமும் இல்லை. பின் ஏன் அந்தக் காலணியைப் பார்த்ததும் தொண்டை அடைக்கிறது? கேட்டதெல்லாம் வீண்தானா? அல்லது, இறந்தவரை நினைத்துக்கொண்டிருப்பதே பற்றின் ஒரு வடிவம்தானா?

எல்லா வீடுகளுக்கும் பொதுவான இக்கேள்வி, காட்டையும் மலையையும் நேசித்த ஒருவரை இழந்த வீட்டில் மேலும் சிக்கலாகிறது. வீட்டிலேயே இருந்தவரின் நினைவு, வீட்டுப் பொருட்களோடு நின்றுவிடும். விடுமுறை கிடைத்த போதெல்லாம் வெட்டவெளியைத் தேடிச் சென்றவரின் நினைவு எங்கே நிற்கும்? அது மட்டுமல்ல, அன்பான கணவர், அன்பான தந்தை என்று எல்லோரும் புகழும்போது, சொல்லப்படாத ஒரு குறையும் அந்த வீட்டார் நெஞ்சில் இருக்கக்கூடும். 'அவர் முழுவதும் எங்களுடையவராக இருந்தாரா?' என்பதே அது. அவர் காட்டில் மகிழ்ந்திருந்த இரவுகளில் வாசலைப் பார்த்துக் காத்திருந்தவர் ஒருவர் உண்டல்லவா? இறந்தவரைப் பற்றிக் குறை சொல்லலாகாது என்ற மரபு, அந்த நினைவை வாய் திறக்க விடுவதில்லை.

இதைச் சிந்திப்பதற்கு ஏற்ற ஓர் இடம் கொள்ளேகால்.

கொள்ளேகால் என்றதும் தமிழ்நாட்டினருக்குப் பட்டுச் சேலை நினைவுக்கு வரும். மாதேஸ்வரன் மலைக்கு நடந்து செல்லும் பக்தர்கள் நினைவுக்கு வருவர். 1956-ஆம் ஆண்டு மாநிலங்கள் மொழிவாரியாகச் சீரமைக்கப்படும் வரை இவ்வட்டம் சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்ததாக இருந்தது. பின்னர் மைசூர் மாவட்டத்தோடு இணைந்தது. 1997-இல் சாமராஜநகர் தனி மாவட்டமானபோது அதனுள் வந்தது. வடக்கே சிவனசமுத்திரத்தில் காவிரி இரு அருவிகளாக விழுகிறாள். மேற்கே பிளிகிரிரங்கன் மலைத்தொடர் எழுகிறது. 'பிளிகிரி' என்றால் வெண்மலை. வெண்ணிறப் பாறைச் சரிவின் உச்சியில் ரங்கநாதர் கோயில் கொண்டிருக்கிறார். அம்மலையில் வாழும் சோலிகப் பழங்குடியினர் அப்பெருமானைத் தங்கள் குலப்பெண்ணை மணந்தவராகக் கருதி, மைத்துனர் முறை கொண்டாடுகின்றனர். கடவுளை உறவுக்காரராக்கிக் கொள்ளும் இந்த உரிமையை ஆழ்வார்கள் கண்டால் மகிழ்ந்திருப்பார்கள்.

இம்மலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஓர் ஆங்கிலேயக் குடும்பம் காப்பித் தோட்டம் அமைத்தது. அக்குடும்பத்தின் இரண்டாம் தலைமுறையினரான ஆர்.சி.மோரிஸ், ஹொன்னமேட்டி தோட்டத்தில் வாழ்ந்தவர். தோட்டம் அவருடைய தொழில். காடு அவருடைய வாழ்க்கை. காட்டெருது, யானை, புலி, பறவைகள் ஆகியவற்றைப் பற்றித் தாம் கண்டவற்றைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சஞ்சிகைக்குப் பல ஆண்டுகள் தொடர்ந்து எழுதினார். அவருடைய மனைவி ஹெதர் நீலகிரிப் பக்கத்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவர்களுடைய மகள் மோனிகா 1920-இல் பிறந்தார். நகரம் எட்டாத அம்மலையில், தந்தையின் உலகத்தையே தம் உலகமாகக் கொண்டு வளர்ந்தார்.

அப்பெண் பின்னாளில் என்ன ஆனார்? 1955-ஆம் ஆண்டு, மோனிகா ஜாக்சன் என்ற பெயரில், வேறு இரு பெண்களோடு நேபாளத்தின் ஜுகல் இமால் பகுதிக்குச் சென்றார். பெண்கள் மட்டுமே மேற்கொண்ட முதல் இமாலய மலையேற்றப் பயணம் என்று அது போற்றப்படுகிறது. அதுவரை எவரும் ஏறியிராத சிகரம் ஒன்றில் ஏறி, தங்களுக்கு வழிகாட்டிய ஷெர்பாவின் பெயரை அதற்குச் சூட்டினர். தங்கள் பெயரைச் சூட்டவில்லை என்பது கவனிக்கத் தக்கது. நாடு விடுதலை பெற்றபின் மோரிஸ் குடும்பம் மலையை விட்டு நீங்கியது, தோட்டங்கள் கைமாறின. தந்தை 1977-இல் மறைந்தார். மகள் முதிய வயதில் அம்மலைக்குத் திரும்பி வந்து பார்த்தார். தம் இளமையைப் பற்றி 'கோயிங் பேக்' என்ற நூலையும் எழுதினார். நூறாண்டை நெருங்கிய நிலையில் 2020-இல் அவரும் மறைந்தார்.

தோட்டம் மகளுக்கு வரவில்லை. பங்களா வரவில்லை. மலையைக் கண்டால் ஏறத் தூண்டும் கால்கள் மட்டும் வந்தன. சொத்து என்ற சொல்லுக்குச் சட்டப் புத்தகத்தில் இந்தப் பொருள் இல்லை.

ஆனால் இங்கே ஒன்றை மறைத்துவிட்டு மேலே செல்வது நேர்மையாகாது. மோரிஸ் வேட்டைக்காரரும்கூட. அவர் எழுதிய குறிப்புகளில் உயிரோடு கண்ட விலங்குகளும் உண்டு. சுட்டு வீழ்த்திய விலங்குகளும் உண்டு. பின்னாளில் காட்டுயிர்ப் பாதுகாப்பை வலியுறுத்தியும் எழுதினார். தோட்டம் என்பதே காட்டின் ஒரு பகுதியைத் திருத்தி உண்டாக்கியதுதான். அந்நியர் ஆட்சி இல்லாவிட்டால் அந்த மலை அவர் கைக்கு வந்திராது. 'அக்காலத்தில் அது வழக்கம்' என்று கூறி இவற்றைக் கடந்துவிடலாம். கடந்துவிடுபவர் நினைப்பது ஓர் ஓவியத்தை. அந்த மனிதரை அல்ல.

மறைந்தவரை நினைக்கும்போது மனம் செய்யும் பெரிய பிழை இதுவே. துயரம் ஒரு சிற்பியைப் போல் வேலை செய்கிறது. உறுத்தும் பகுதிகளைச் செதுக்கித் தள்ளிவிட்டு, வழவழப்பான உருவம் ஒன்றை நிறுத்துகிறது. அதன் முன்னே விளக்கேற்றுகிறோம். அந்த உருவத்தில் அவருடைய கோபம் இல்லை. நீண்ட மௌனங்கள் இல்லை. சொன்ன நாளில் வீடு திரும்பாத ஞாயிற்றுக்கிழமைகள் இல்லை. யோக சாஸ்திரம் ஸ்மிருதி என்று கூறுவது, அனுபவித்த பொருளை நழுவவிடாமல் இருப்பதை. புதிதாக ஒன்றைக் கற்பித்துக் கொள்வதை அல்ல. பற்று எங்கே நுழைகிறது என்றால், நினைக்கும் செயலில் அல்ல, இந்தச் செதுக்கலில்தான். நமக்கு வேண்டிய ஒருவரை நாமே படைத்துக்கொண்டு, அவரைப் பிரிய மாட்டேன் என்கிறோம். உள்ளபடி நினைப்பவரோ, நினைக்கும் ஒவ்வொரு முறையும் இறந்தவரை அவர் போக்கில் விட்டுவிடுகிறார்.

அழுவது குற்றமா?

இனி, அழுகையைப் பற்றிய கேள்வி. துறவியரின் வாழ்க்கையே இதற்கு விடை தருகிறது.

ஸ்ரீராமகிருஷ்ணரின் அண்ணன் மகன் அட்சயன் தட்சிணேசுவரத்தில் இறந்தான். அந்த வேளையில் குருதேவர் உயர்ந்த பரவச நிலையில், உறையிலிருந்து வாள் வெளிப்படுவதைக் காண்பது போல அம்மரணத்தைக் கண்டார், துயரம் அணுகவில்லை. மறுநாளோ, ஈரத்துண்டைப் பிழிவது போல் நெஞ்சு பிழியப்பட்டதாக அவரே பின்னர் கூறினார். தமக்கே இப்படியானால் இல்லறத்தாரின் வேதனை எத்தகையதாக இருக்கும் என்று எண்ணி உருகினார். ஞானம் அவரிடம் முதல்நாள் இருந்து மறுநாள் போய்விட்டது என்று யாரும் கூற மாட்டார்கள். கண்டதும் உண்மை; வலித்ததும் உண்மை.

1890-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பலராம் போஸ் கல்கத்தாவில் காலமானார். அப்போது காசியில் இருந்த சுவாமி விவேகானந்தர் செய்தி கேட்டுக் கண்ணீர் வடித்தார். வேதாந்த அறிஞரான பிரமததாச மித்திரர் அருகில் இருந்தார்; துறவிக்கு இத்தகைய துயரம் பொருந்துமா என்று வியந்தார். சுவாமிஜி அதை ஏற்கவில்லை. துறவு பூண்டதனால் இதயத்தைத் துறந்துவிட்டதாகப் பொருளில்லை என்றும், துறவியின் இதயம் பிறருடையதைவிட மென்மையாகவே இருக்க வேண்டும் என்றும் அவர் உணர்த்தினார். நம் பட்டினத்தாரையும் எண்ணிப் பார்க்கலாம். அனைத்தையும் துறந்து வெளியேறியவர், தாயின் ஈமக்கடனுக்குத் திரும்பி வந்தார். சிதையின் அருகில் நின்று கலங்கினார். அவருடைய துறவில் இதனால் ஒரு குறையும் நேர்ந்துவிட்டதாகத் தமிழுலகம் கருதியதில்லை.

ஆகவே, காலணியைத் துடைக்கும் அந்த அம்மையாரிடம் யாரும் வேதாந்தம் பேசி வாயடைக்க வேண்டியதில்லை. வேதாந்தம் பேசுபவர் வாயடைத்து அருகில் அமர்ந்திருப்பது பல வேளைகளில் மேலானது.

மைத்ரேயியும் காத்யாயனியும்

காத்திருந்தவரின் குறைக்கு வருவோம். வீட்டை விட்டு வெளியேறும் கணவரைப் பற்றிய மிகப் பழைய உரையாடல் பிருகதாரண்யக உபநிடதத்தில் உள்ளது. முனிவர் யாக்ஞவல்கியர் இல்லறத்திலிருந்து நீங்க முடிவு செய்கிறார். மைத்ரேயி, காத்யாயனி என்னும் இரு மனைவியருக்கும் சொத்தைப் பிரித்துத் தர எண்ணுகிறார். மண்ணுலகச் செல்வம் முழுவதும் கிடைத்தாலும் அதனால் இறவாமை கிட்டுமா என்று மைத்ரேயி கேட்கிறாள். கிட்டாது என்று கூறிவிட்டு அவர் தொடங்கும் உபதேசம், கணவன் எதனால் பிரியமானவன் ஆகிறான் என்பதிலிருந்தே தொடங்குகிறது. கணவன் என்பதற்காக அல்ல, அவனுள் விளங்கும் ஆத்மாவின் பொருட்டே அவன் அன்புக்கு உரியவன் ஆகிறான் என்பது அதன் சாரம்.

மனிதர் அனைவரும் தன்னலம் கருதியே அன்பு செய்கின்றனர் என்று இதற்குச் சிலர் பொருள் கொள்கின்றனர். அது தவறு. இங்கே ஆத்மா என்பது, கணவனிடமும் மனைவியிடமும் மட்டுமன்றி, மரத்திடமும் விலங்கிடமும் ஒன்றாகவே விளங்கும் பரம்பொருள். அதனால்தான் ஒரு மனிதர் விடியற்காலை மூங்கில் காட்டுக்குள் காலெடுத்து வைத்ததும் காரணமின்றி மகிழ்கிறார். தம் வீட்டில் எதை நேசித்தாரோ, அதையே அங்கும் வேறு வேடத்தில் சந்திக்கிறார். காடு மனைவியின் போட்டியாளர் அல்ல. ஒரே ஊற்றின் நீரை அவர் இரு துறைகளில் பருகினார்.

கோட்பாடு இவ்வளவு தெளிவாக இருக்கிறது. ஆயினும் காத்யாயனி என்ன நினைத்தாள்? அவளுக்குப் பேசுவதற்கு ஒரு வாக்கியத்தைக்கூட உபநிடதம் தரவில்லை. இல்லத்துக் காரியங்களை அறிந்தவள் என்பதோடு அவளை விட்டுவிடுகிறது. யாக்ஞவல்கியரின் சபை வெற்றிகளுக்குப் பின்னால் அடுப்பெரித்தவள் அவளாகத்தான் இருக்க வேண்டும். காட்டை நேசித்த கணவரின் வீட்டில் விளக்கணையாமல் பார்த்துக்கொண்ட ஒவ்வொரு பெண்ணும் காத்யாயனியின் வழித்தோன்றலே. கணவரின் வெளியுலக அன்பைப் போற்றி நினைவுகூர்பவர்கள், அந்த அன்பு உலவுவதற்கான நேரத்தை யார் ஈந்தார் என்பதையும் சேர்த்து நினைவுகூர்வதே நியாயம். தம் கணவரின் நினைவுநாளில் அந்த அம்மையாருக்கும் ஒரு வணக்கம் உரியது. குறை சொல்லும் உரிமையும் உரியது.

மனைவியை இழந்த கணவர் ஒருவரின் செய்தியும் இந்த மலையோடு தொடர்புடையது. பறவையியல் அறிஞர் சலீம் அலியின் மனைவி தெஹ்மினா, அவருடைய காட்டுப் பயணங்களில் உடன் சென்று, முகாம் வாழ்க்கையை விரும்பி ஏற்றவர். 1939-இல், அறுவை சிகிச்சை ஒன்றைத் தொடர்ந்து அவர் இறந்தார். அந்த அடி சலீம் அலியை நிலைகுலையச் செய்தது. அதே ஆண்டின் இறுதியில் அவர் மைசூர்ப் பகுதிப் பறவைகளைக் கணக்கெடுக்கும் பணியில் இறங்கினார். பிளிகிரிரங்கன் மலையும் அப்பணியில் அடங்கியது. இழப்பை மறக்கக் காட்டுக்குள் புகுந்தார் என்று கூறுவது எளிது. மனைவியோடு சேர்ந்து நேசித்த ஒன்றிடம் தனியாகத் திரும்பிச் செல்வது மறதிக்கான வழியாகத் தோன்றவில்லை. ஒவ்வொரு பறவைக் குரலும் அவரை நினைவூட்டியிருக்கும். நினைவைச் சுமந்துகொண்டே வேலை செய்வது என்ற ஒன்று உண்டு. அதன்பின் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அவர் அவ்வாறே வாழ்ந்தார்; மறுமணம் செய்துகொள்ளவில்லை.

எள்ளும் நீரும்

நம் முன்னோர் இந்தச் சிக்கலை அறியாதவர்கள் அல்லர். இறந்தவரை அடியோடு மறந்துவிடு என்று அவர்கள் விதிக்கவில்லை. அவரையே பற்றிக்கொண்டு கிட என்றும் விதிக்கவில்லை. அமாவாசை தோறும் கையளவு எள்ளும் நீரும் என்று அளந்து வைத்தனர். தர்ப்பணம் என்ற சொல்லுக்குத் திருப்தி செய்வித்தல் என்பது பொருள். ஆடி அமாவாசையன்று காவிரிக் கரைகளில் இதைச் செய்பவர்களுள் பலர் மந்திரத்தின் பொருளை ஊன்றிக் கவனிப்பதில்லை. அதில் தந்தையை வசு வடிவினராகவும், பாட்டனாரை உருத்திர வடிவினராகவும், முப்பாட்டனாரை ஆதித்ய வடிவினராகவும் அழைக்கிறோம். அதற்கும் முந்தையவர்களைப் பெயர் சொல்லித் தனித்தனியே அழைப்பதில்லை.

வசுக்கள் யார்? இதற்கு விடை கூறுபவரும் யாக்ஞவல்கியரே. அதே உபநிடதத்தில், ஜனகரின் அவையில் சாகல்யர் கேட்கும்போது, அக்கினி, பூமி, காற்று, இடைவெளி, சூரியன், வானுலகு, சந்திரன், விண்மீன்கள் என எட்டு வசுக்களை அவர் எண்ணிக் காட்டுகிறார். அனைத்தும் இவற்றில் தங்கியிருப்பதனால் இவை வசுக்கள் எனப்பட்டன. அதாவது, இறந்த தந்தையை அழைக்கும் முதல் அழைப்பிலேயே அவரை நான்கு சுவர்களிலிருந்து வெளியே அனுப்பிவிடுகிறது நம் மரபு. மண்ணாக, காற்றாக, நிலவொளியாக அவரை நினை என்கிறது. அடுத்த தலைமுறையில் அவர் மேலும் அகன்ற வடிவம் கொள்கிறார். மூன்றாம் தலைமுறையில் சூரிய ஒளியோடு ஒன்றுகிறார். பிறகு பெயரும் கரைகிறது. இது மறதி அல்ல, படிப்படியாக விரிவது.

வாழ்நாளெல்லாம் வெட்டவெளியை விரும்பிய ஒரு தந்தைக்கு இதைவிடப் பொருத்தமான வழிபாடு எதுவாக இருக்க முடியும்? அவர் உயிரோடிருந்தபோதே அந்த எட்டுப் பேரோடும் பழகியவர். குளிர்காலத்து விடியலில் தீமூட்டிக் கைகளைக் காய்ச்சியவர். பாறையில் படுத்து விண்மீன்களைக் குழந்தைகளுக்குக் காட்டியவர். மந்திரம் அவரை அந்நிய இடத்துக்கு அனுப்பவில்லை. மகன் இல்லாத வீடுகளில் இது எப்படி என்று கேட்கலாம். சடங்கின் விதிகளைப் பெரியோர் கூறட்டும். நினைக்கும் தகுதி மகனுக்கு மட்டுமே உரியதன்று என்பதற்கு இமயத்தில் ஏறிய மோனிகாவே சான்று.

கொள்ளேகால் பக்கத்துச் சோலிகர்களிடமும் இதற்கு இணையான ஒரு வழக்கம் உண்டு. அவர்களுடைய ஒவ்வொரு குலத்துக்கும் காட்டில் ஒரு பகுதி உரியது. அதை அவர்கள் 'எல்லெ' என்று வழங்குகின்றனர். நம் எல்லை என்ற சொல்லேதான். ஒவ்வோர் எல்லைக்குள்ளும் தெய்வத்துக்கு ஓர் இடம், மாரம்மாவுக்கு ஓர் இடம், நீரூற்றுக்கு ஓர் இடம் என்று இருப்பது போலவே, இறந்தோருக்கும் ஓர் இடம் உண்டு. 'கல்லுகுடி' என்பது அதன் பெயர். அங்கே கற்கள்தாம் முன்னோர். தமிழரின் நடுகல் மரபை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று.

1974-இல் அக்காடு காட்டுயிர்ச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வேட்டையும், காட்டைத் திருத்தி மாறி மாறிப் பயிர் செய்வதும் தடை செய்யப்பட்டன. காட்டின் உட்பகுதிகளில் இருந்த குடும்பங்கள் வெளிப்புறக் குடியிருப்புகளுக்கு வந்தன. விலங்குகளைக் காக்க வேண்டும் என்ற நோக்கம் நல்லதுதான். ஆனால் தந்தையின் கல் உள்ளே இருக்க, மகன் வெளியே இருக்கும் நிலை உண்டாயிற்று. பின்னர் சோலிகர்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து, இத்தகைய நூற்றுக்கணக்கான புனித இடங்களை வரைபடத்தில் குறித்தனர். 2011-இல் அக்காடு புலிகள் காப்பகமான அதே ஆண்டில், வன உரிமைச் சட்டத்தின்கீழ்ச் சோலிகர்களின் சமூக உரிமைகளும் ஏற்கப்பட்டன. புலிகள் காப்பகம் ஒன்றினுள் இந்த உரிமையைப் பெற்ற முதல் பழங்குடியினர் அவர்களே எனப்படுகிறது. தேன், நெல்லி முதலியவற்றைச் சேகரிக்கும் உரிமையைப் பற்றியே செய்திகள் அதிகம் பேசின. முன்னோரிடம் சென்று வரும் உரிமையும் அதில் கலந்திருந்தது.

அதே மலையில் 1981-இல் விவேகானந்த கிரிஜன கல்யாண கேந்திரத்தைத் தொடங்கியவர் டாக்டர் எச்.சுதர்சன். சிறுவயதில், மருத்துவ வசதி எட்டாத கிராமம் ஒன்றில், தம் தந்தை கண்ணெதிரே இறந்ததைக் கண்டவர். அப்போது அவருக்கு வயது பன்னிரண்டு. மருத்துவம் பயின்றபின், சுவாமி விவேகானந்தரின் கருத்துகளால் ஈர்க்கப்பட்டு, ராமகிருஷ்ண இயக்கத்தின் மருத்துவப் பணிகளில் சிறிது காலம் ஈடுபட்டார். பிறகு இம்மலைக்கு வந்தார். பாம்பு கடித்தவர்கள், கரடி தாக்கியவர்கள் என்று சிகிச்சை தொடங்கியது. பள்ளியும் தொழிற்பயிற்சியும் பின்தொடர்ந்தன. 1994-இல் ரைட் லைவ்லிஹூட் விருது அவருக்கும் கேந்திரத்துக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. அந்தப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் தந்தையின் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டு வளர்ந்திருக்கலாம். அதில் தவறொன்றும் இல்லை. அவனோ, தந்தைக்கு அன்று கிடைக்காத மருத்துவரைத் தேடிக்கொண்டு நடந்து, கடைசியில் தானே அந்த மருத்துவராகி வேறொரு தந்தையின் குடிசை வாசலில் போய் நின்றான்.

தந்தை என்ற சொல்லையும் நம் நூல்கள் குறுக்கிப் பயன்படுத்தவில்லை. பெற்றவரோடு, உணவளித்தவரையும், அச்சம் நீக்கிக் காத்தவரையும் தந்தையர் வரிசையில் சேர்த்தே எண்ணுகின்றன. கொள்ளேகாலுக்குத் தென்கிழக்கே, தமிழக எல்லையை ஒட்டி, கோபிநத்தம் என்ற தமிழ் பேசும் சிற்றூர் உள்ளது. வீரப்பனின் சொந்த ஊர் அது. வனத்துறை அதிகாரி பி.ஸ்ரீநிவாஸ் அங்கு வந்தபோது, அவரிடம் துப்பாக்கியும் அதிகாரமும் இருந்தன. அவர் தேர்ந்தெடுத்ததோ வேறு வழி. மருந்து கொண்டுவந்தார், குடிநீருக்கு ஏற்பாடு செய்தார், வழி தவறிய இளைஞர்களிடம் பேசினார், ஊருக்கு ஒரு மாரியம்மன் கோயில் எழவும் துணைநின்றார். அவர்களுள் சிலர் மனம் மாறிச் சரணடைந்தனர். வீரப்பனும் சரணடைவான் என்று வந்த செய்தியை நம்பி, 1991-ஆம் ஆண்டு நவம்பர் 10-ஆம் நாள் ஆயுதமின்றிக் காட்டுக்குள் சென்றார், கொல்லப்பட்டார். மறு ஆண்டில் அவருக்குக் கீர்த்தி சக்கரம் வழங்கப்பட்டது. கொன்றவனும் அக்காட்டின் ஒவ்வோர் ஒற்றையடிப் பாதையையும் அறிந்தவன்தான். காட்டை அறிவதும் காட்டை நேசிப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடக் கசப்பான உதாரணம் வேண்டியதில்லை.

ஸ்ரீநிவாஸ் பிறந்தது ராஜமுந்திரியில். கோபிநத்தத்தில் அவருக்கு இரத்த உறவினர் எவரும் இல்லை. எள்ளும் நீரும் இறைக்க உரிமையுள்ளவர்கள் இல்லை. அம்மன் கோயிலில் அவருடைய படத்தையும் வைத்து ஊர்மக்கள் வணங்கி வருகின்றனர்.